புதுப்பிப்பு: அம்மாவின் கண்ணில் டியூப் வைத்து ஏழு வாரம்

கிளாக்கோமாவுக்கு (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) சொட்டு மருந்து கேட்கவில்லை, உள்ளே இருக்கும் நீரை வடிக்க அம்மாவுக்கு டியூப் வைக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று இங்கே எழுதியிருந்தேன். விசாரித்தவர்களுக்கு நன்றி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆறாவது வாரம் ஆட்டிவைத்துவிட்டது.

வைத்தது மதுரை ஆரோலேப் நிறுவனத் தயாரிப்பு, ஒரு சின்னத் தட்டும் அதோடு சேர்ந்த டியூபும். நீர் ஒரேயடியாக வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு அதில் கிடையாது. அதனால் முதலில் டியூபைக் கரையும் நூலால் கட்டி அடைத்துவிடுகிறார்கள். உள்ளே வைத்த தட்டைச் சுற்றித் திசு மூடியபின், 5, 6 வாரத்தில் நூல் கரைந்து நீர் வடியத் தொடங்கும். கண்டமே அங்கேதான். அழுத்தம் சட்டென்று விழுந்தால் கண்ணின் உள்சுவருக்குப் பின்னால் நீரோ ரத்தமோ சேரலாம். அம்மாவுக்குக் கண் அழுத்தம் 26-லிருந்து 6-க்கு இறங்கிப் பார்வை மங்கியது. அன்றே ஓடினோம், நீர்தான், ரத்தம் இல்லை. மருந்திலேயே வற்றிவிட்டது. இப்போது 12.

வயது, ரத்தக் கொதிப்பு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கண், இவையெல்லாம் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுமாம். அம்மாவுக்கு நான்கும் உண்டு! இதயத்துக்காகப் போடும் அந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் முதல் நாளே சொல்லாதது என் தப்பு. நீங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டியூப் வெளியே தெரியுமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். தானமாக வந்த திசுவை ஒட்டி மூடியிருக்கிறார்கள். அது தேய்ந்து டியூப் வெளிப்பட்டால் கிருமி உள்ளே போகும். கண்ணைக் கசக்காதே என்றால் அம்மா கேட்டால்தானே? சென்னை வெயிலில் வியர்வை வழிந்ததும் முந்தானை தானாகக் கண்ணுக்குப் போகிறது. அடுத்த செக்கப் வியாழக்கிழமை.