முதலில் அடியைக் காட்டுங்கள்

பினாங்கில் பழைய பீங்கான் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் 'காங்சி' என்ற சீனப் பேரரசரின் பெயர் வந்து விழும். நண்பரின் மாமனாரும் அப்படித்தான் ஆரம்பித்தார். இஞ்சி ஜாடி ஒன்றை மேசைமேல் வைத்தார். நீலத் தரை, அதில் வெடித்த பனிப்பாளம் மாதிரி கோடுகள், நடுநடுவே வெள்ளைப் பிளம் பூக்கள். அடியில் நான்கு சீன எழுத்துகள். "தம்பி, ஆள் வைத்துப் படித்தாயிற்று. காங்சி காலம் என்றே எழுதியிருக்கிறது. முந்நூறு வருடம்!"

படித்தவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த எழுத்தால்தான். காங்சி ஆட்சிக்காலம் 1662 முதல் 1722 வரை. உடைந்து குப்பைக்குப் போகிற பாத்திரத்தில் பேரரசரின் பெயரை எழுதலாகாது என்று 1677-இல், சீனத்தின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென் வட்டார அதிகாரி தடை போட்டார். அந்தக் காலத்து ஜாடிகள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டம்தான் இருக்கும். இதே பிளம் பூ ஜாடிகளில் காங்சியின் பெயரைத் தாராளமாக எழுதித் தள்ளியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். முன்னோர் கைவேலைக்கு மரியாதையாகப் பழைய பெயரை எழுதும் வழக்கம் சீனத்தில் நெடுநாளாக உண்டு.

நீலத்தையும் பார்த்தேன். காங்சி கால நல்ல வேலையில் நீலம் அடுக்கடுக்காக, ஆழம் தெரியும்படி இருக்கும். இதில் ஒரே சீராக அப்பிய நீலம். நூற்றுச் சொச்சம் வருடம் என்றேன். பெரியவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. காப்பி மட்டும் வந்தது.

பிறகு அவர் அரைமனதாக எடுத்து வந்த தட்டுதான் என்னை உட்கார வைத்தது. நீலம், செம்பழுப்பு, பொன் கலந்த இமாரி வகை. இது ஜப்பானியப் பாணி என்றாலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீனர்களும் அதைப் பார்த்துச் செய்துவிட்டார்கள்; நிறத்தை நம்பி ஊர் சொல்ல முடியாது. கவிழ்த்தேன். அடிவளையத்துக்குள்ளே, கண்ணாடி போன்ற மேற்பூச்சான மெருகின் மேல், மிளகளவில் சில தழும்புகள். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்க ஜப்பானின் பீங்கான் ஊரான அரிட்டாவின் குயவர்கள் சிறு மண்முளைகளை முட்டுக் கொடுப்பார்கள். சுட்டபின் தட்டிவிட்டால் வடு நிற்கும். சீனத் தட்டுகளில் இது பொதுவாகக் கிடையாது. ஜப்பான் என்று தயங்காமல் சொன்னேன். முகப்பில் இருந்த கீறல்களும் பல திசையில் ஓடின. உப்புத்தாள் தேய்த்துப் பழசாக்கிய தட்டில் அவை ஒரே பக்கமாகப் போகும்.

"நாட்டின் பெயர் எழுதவில்லையே, அப்படியானால் 1891-க்கு முந்தையதா?" என்று நண்பர் கேட்டார். பலரும் இதில்தான் வழுக்குகிறார்கள். நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்னது 1890-இல் வந்து 1891-இல் நடைமுறையான அமெரிக்கச் சுங்கச் சட்டம். சீனத்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ நேராக மலாயாவுக்கு வந்த பாத்திரத்துக்கு அந்தக் கட்டாயம் ஏது? இங்கே கிடைக்கும் நியோன்யா பாத்திரங்களில் (மலாயாவில் வேரூன்றிய பெரனாக்கான் சீனர்களுக்காகச் சீனத்தில் செய்தவை) 20-ஆம் நூற்றாண்டில் செய்தவையும் உண்டு. அவற்றில் பலவற்றில் நாட்டின் பெயர் இராது.

உங்கள் வீட்டுத் தட்டைப் பற்றிக் கேட்பதானால் அடிப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். மெருகில்லாத விளிம்பு தெளிவாகத் தெரியட்டும்.