வெள்ளி அடைத்த பல்லில் திடீரென்று வலி: உங்களுக்கு எப்படி வந்தது?

கல்லூரியில் படிக்கும்போது, 2006-இல், இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று வெள்ளி அடைத்தார்கள். பதினேழு வருடம் அப்படி ஒரு பல் இருக்கும் நினைப்பே வந்ததில்லை. 2023 தீபாவளிக்கு மறுநாள் தட்டையைக் கடித்தேன், சுரீர் என்று காது வரைக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அடுத்த வாய்க்கு ஒன்றுமே இல்லை.

ஒரு வாரம் கவனித்த பிறகுதான் பிடிபட்டது. கடிக்கும்போது வலி இல்லை, கடித்ததை விடும்போதுதான் வலி. சோறு, இட்லிக்கு ஒன்றும் செய்யாது. வேர்க்கடலையோ கொய்யா விதையோ அந்த ஓர் இடத்தில் மாட்டினால் மட்டும் உயிர் போகும்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "ஒன்றும் இல்லை, கூச்சத்துக்குப் பேஸ்ட் போடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் வலது பக்கமாகவே மென்றேன். வீட்டில் யாரும் நம்பவில்லை என்பது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் பார்த்த டாக்டர் அம்மா, வலியைப் பற்றி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். சின்ன பிளாஸ்டிக் கட்டை ஒன்றைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்து, "கடிங்க... இப்ப விடுங்க" என்றார். மூன்றாவது முனையில் விட்டதும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மரத்துப்போக ஊசி போட்டு வெள்ளியை எடுத்தார். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பள்ளத்தின் அடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. பக்கத்திலிருந்து சின்ன விளக்கைப் பிடித்தபோது, வெளிச்சம் பாதிப் பல்லில் பரவி அந்தக் கோட்டோடு நின்றுவிட்டது. மறுபாதி இருட்டு.

வெள்ளி பல்லோடு ஒட்டுவதில்லையாம். தோண்டிய பள்ளத்தில் பிடிமானமாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சுற்றி மிஞ்சிய சுவர் மென்றுமென்று வருடக்கணக்கில் வளைந்து, ஒரு நாள் விரிசல் விடும். கடியை விட்டதும் விரிசல் மூடுகிறது, பல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் திரவம் நகர்கிறது, நரம்புக்கு அது சுரீர் என்று தெரிகிறது. இந்த விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுவதால் எக்ஸ்ரேயில் தெரியாது. நல்லவேளை, எனக்கு நரம்பு வரை போகவில்லை. பல்லைச் சுற்றி உலோகப் பட்டை போட்டு இரண்டு வாரம் பார்த்தார். வலி நின்றது. கேப் போட்டாகிவிட்டது. போன தீபாவளிக்குத் தட்டை சாப்பிட்டேன்.

*

அக்கா, எனக்கு வெள்ளை அடைப்பு, எட்டு வருடப் பழசு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் வலிக்கும், இரண்டு மூன்று நொடியில் போய்விடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் அந்த இடத்தில் மட்டும் பிசிறு பிசிறாக வந்தது. அடைப்பின் ஓரம் பெயர்ந்து, அடியில் மறுபடி சொத்தை. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தார்கள், ஒரே நாளில் முடிந்தது.

*

என் அப்பாவுக்கு நேர்மாறு. சூடான காபி பட்டால் விண் விண் என்று அரை மணி நேரம் விடாது, ஐஸ் தண்ணீரை வாயில் வைத்தால் அடங்கும். படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறி இன்னும் அதிகமாகும். இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தார். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொண்டார். காலையில் பார்த்தால் அந்த இடம் வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், மாத்திரை விழுங்குவதற்குத்தான். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்க வைத்தது, நரம்பு செத்துக்கொண்டிருந்ததை அதனால் தடுக்க முடியவில்லை. ரூட் கேனால் செய்துதான் பல் மிஞ்சியது. கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார் டாக்டர்.

*

எனக்கு ஜலதோஷத்தில் மேல் கடைவாய்ப் பற்கள் மூன்றும் சேர்ந்து வலித்தன, குனிந்தால் இன்னும் அதிகம். அடைத்த பல்தான் காரணம் என்று நினைத்தேன். கடைசியில் சைனஸ்.

அக்காவிடம் ஒரு கேள்வி: வெள்ளியில் பாதரசம் இருக்கிறது என்கிறார்களே, வலி இல்லாத மற்ற அடைப்புகளையும் எடுத்துவிடலாமா?

*

நானும் பயந்து இதையே கேட்டேன் தம்பி. ஏறக்குறைய பாதி பாதரசம்தான், அது உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல், மருத்துவர் கட்டாயம் தேவை என்று கருதினால் தவிர, புதிதாக அதை வைத்து அடைப்பதில்லை. ஆனால் நன்றாக இருக்கும் அடைப்பைத் தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளியே வரும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும் என்று டாக்டர் அம்மா தடுத்துவிட்டார். வலது பக்கம் எனக்கு இன்னொரு வெள்ளி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதன் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறார்.