நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு ஜெபக்குழு எங்கயாவது இருக்கா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊரு பாளையங்கோட்டை பக்கம், சிஎஸ்ஐ சபை, இப்ப சோழிங்கநல்லூர்ல நைட் ஷிஃப்ட் வேலை. போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சு அப்பா தவறிட்டாங்க, அதுலருந்து ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரமாட்டேங்குது, வேலை தூக்கம் வேலைன்னு எதுக்கு ஓடுறோம்னே புரியல. விசுவாசம் போகல, அது நிச்சயம்.

சனி நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா காலை ஆராதனைக்கு போய் பாத்தேன், கண்ணு சொக்குது. யூடியூப் லைவும் பாத்தேன், ரூம்ல தனியாதான் இருக்கோம்னு இன்னும் உறைக்குது. ஒரு சபை ஊழியர்ட்ட சொன்னா விசுவாசக் குறைவு, உபவாசம் இருங்கன்னு முடிச்சுட்டாங்க. டாக்டர்கிட்டயும் காட்டுறேன், தூக்கம் பரவால்ல.

இப்போதைக்கு கைகொடுக்குறது 88ஆம் சங்கீதம்தான், கடைசி வரி வரைக்கும் இருட்டாவே முடியுற ஜெபம், அதையும் வேதத்துல வச்சிருக்காங்களேன்னு ஒரு தெம்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ சாகணும்னு கேட்டப்பவும் தூதன் திட்டல, அடையும் தண்ணியும் வச்சு சாப்பிடுன்னுதான் எழுப்புனாரு. எனக்கு அப்படி பக்கத்துல உக்கார ஆள் வேணும்.

சோழிங்கநல்லூர், நாவலூர், மேடவாக்கம் பக்கம் வாரநாள் மத்தியானத்துல கூடுற சின்ன ஜெபக்குழு, எந்த சபையா இருந்தாலும் சரி, யாருக்காவது தெரியுமா?