மறு: குயிக் லிங்க்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மிதிவண்டிப் பழுதுநீக்கக் கையேட்டுக்காக, சங்கிலியின் இரு முனைகளையும் சேர்க்கும், கழற்றி மாட்டத்தக்க உறுப்பான குயிக் லிங்க் என்பதற்கு ‘விரைவு இணைப்பி’ என்றும், சங்கிலியின் ஆணியைத் தள்ளிக் கழற்றும் கருவியான செயின் பிரேக்கர் என்பதற்குச் ‘சங்கிலி உடைப்பான்’ என்றும் ஐயா முன்வைத்த சொற்களை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லக் கொல்லிமலையில் எனக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பத்தாவது வளைவைத் தாண்டும் முன்பே, எழுந்து நின்று மிதித்தபடி கியரை மாற்றியதில் என் சங்கிலி அறுந்தது. அறுந்தது என்று சொல்கிறோமே தவிர, எந்தத் தகடும் இரண்டாக முறியவில்லை. வெளித்தகட்டின் ஒரு முனை ஆணியின் தலையை விட்டுப் பிதுங்கிக் கழன்றிருந்தது. கியர் சங்கிலிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. பளு ஏறியிருக்கும் வேளையில் பக்கவாட்டில் இழுபடும்போது, முன்பே சற்று விலகி நின்ற ஆணி தகட்டை விட்டுவிடுகிறது. வண்டியை உருட்டிக்கொண்டு இறங்கி வந்து ஒரு சைக்கிள் கடையில் கேட்டபோது, கடைக்காரர், “லாக்கு இருக்கு சார், ஆனா உங்களுது மெல்லிசு செயின், இதுக்குச் சேராது” என்றார்.

நமக்கு வேண்டிய சொல்லின் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது. பட்டறைகளில் இந்த உறுப்பின் பெயர் ‘செயின் லாக்’தான். சங்கிலியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘கண்ணி’ என்ற பெயர் முன்பே நம்மிடம் உண்டு. பூத்தொடுப்பவர்களும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். பூட்டுதல் என்பதோ சாவி போட்டு அடைப்பதோடு நின்றுவிடும் சொல் அன்று. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம். வில்லில் நாண் பூட்டினார்கள். ஆகவே ‘பூட்டுக்கண்ணி’ என்பது என் பரிந்துரை. ‘விரைவு’ என்பது விற்பவர் ஒட்டிய அடைமொழி. எண்ணெய்க் கையோடு வெயிலில் நின்று அதைக் கழற்றிப் பார்த்தவர் யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்.

கடைக்காரர் சொன்ன ‘சேராது’ என்பதையும் கையேடு விளக்க வேண்டும். எல்லாச் சங்கிலியிலும் அடுத்தடுத்த ஆணிகளின் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ.தான்; வேறுபடுவது அகலம். 9 கியர் (பின்சக்கரத்தில் 9 பல்சக்கரங்கள்) சங்கிலியின் வெளியகலம் ஏறத்தாழ 6.6 மி.மீ., 11 கியருக்கு ஏறத்தாழ 5.5 மி.மீ.; ஒற்றைக் கியர் வண்டியின் சங்கிலி இவை இரண்டையும்விட அகலமானது. எனவே பெயரோடு எண்ணையும் சேர்த்து ‘9 கியர்ப் பூட்டுக்கண்ணி’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

‘சங்கிலி உடைப்பான்’ என்றால் திருடன் பையில் இருக்கும் கருவி போல ஒலிக்கிறது. அந்தக் கருவி எதையும் உடைப்பதில்லை. திருகைத் திருகத் திருக அதன் முனை ஆணியைத் தள்ளுகிறது, அவ்வளவே. முள்வாங்கி, பாக்குவெட்டி என்னும் பழைய வாய்பாட்டில் ‘ஆணிதள்ளி’ எனலாம். இரண்டாம் வேற்றுமைத் தொகை ஆதலால் இங்கே வலி மிகாது.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்பதை ஒரு பத்தியில் சோதித்தேன்:

“பிதுங்கிய வெளித்தகடுகளை ஆணிதள்ளியால் அகற்றுக. இப்போது இரு முனைகளிலும் உட்தகடுகள் நிற்கும். பூட்டுக்கண்ணியின் இரு பாதிகளையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செருகிக் கோத்து, அது சங்கிலியின் மேல்வரிசையில் நிற்குமாறு மிதியைச் சுழற்றி, பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை ஓங்கி அழுத்துக, ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்.”

சாலையோரத்தில் கைப்பேசியில் படிப்பவருக்கு இது புரியும் என்று நம்புகிறேன். இருக்கைக்கடியில் உள்ள பையில் ஆணிதள்ளி ஒன்றும் பூட்டுக்கண்ணி இரண்டும் இருக்க வேண்டும் என்ற குறிப்பையும் பொருட்பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.

வணக்கத்துடன்.

மறுமொழி

வணக்கம். ‘ஆணிதள்ளி’யை மனமார ஏற்கிறேன். ‘பூட்டுக்கண்ணி’யில் இரண்டு தடைகள் தெரிகின்றன. வண்டி களவு போகாமல் கட்டும் பூட்டுச்சங்கிலியோடு அது குழம்பாதா? மேலும், ஒற்றைக் கியர் வண்டியில் கிளிப் போட்டு மூட்டும் உறுப்பையும் ‘லாக்’ என்றே சொல்கிறார்கள். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாமா?

மறுமொழிக்கு மறுமொழி

ஐயா, ‘பூட்டுச்சங்கிலி’யில் தலைமைச்சொல் சங்கிலி, ‘பூட்டுக்கண்ணி’யில் தலைமைச்சொல் கண்ணி. கண்ணியைக் கொண்டு யாரும் வண்டியை மரத்தில் கட்ட முடியாது என்பதால் சூழலே குழப்பத்தைத் தீர்த்துவிடும். இரண்டாம் தடை நியாயமானது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே ஆகையால் பொதுப்பெயரை வைத்துக்கொண்டு, பழைய வகையைக் ‘கிளிப் பூட்டுக்கண்ணி’ எனப் பிரித்துக் காட்டலாம். அகராதிக்கான பதிவை இவ்வாறு வரைந்திருக்கிறேன்; திருத்தித் தருக.

பூட்டுக்கண்ணி (பெ.): சங்கிலியின் இரு முனை உட்கண்ணிகளையும் சேர்க்கும், கழற்றி மாட்டத்தக்க வெளிக்கண்ணி. கிளிப் வகையில், கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும்.