நீலப் பறவை, சில நேரம் கொண்டை இருக்கிறது, சில நேரம் இல்லை: என்ன இனம்?

தூரதேசி:
அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறோம். பின்பக்க ஓக் மரத்துக்கு மைனாவைவிடச் சற்றுப் பெரிய நீலப் பறவைகள் வருகின்றன. கைபேசிச் செயலி ஒரு படத்துக்கு ‘ப்ளூ ஜே’ என்கிறது, இன்னொன்றுக்கு ‘ஸ்டெல்லர்ஸ் ஜே’ என்கிறது. ஒரு படத்தில் கொண்டை தூக்கி நிற்கிறது, மற்றதில் தலை வழவழவென்று இருக்கிறது. இரண்டு இனமா?

சிறகன்:
ஒரே இனம்தான் என்று நினைக்கிறேன். ஸ்டெல்லர்ஸ் ஜே ராக்கி மலைத்தொடரிலும் அதற்கு மேற்கிலும் வாழ்வது. அதன் தலையும் கொண்டையும் கரிய நிறம், வயிறும் நீலம். உங்கள் பறவைக்கு முகம் வெள்ளையாக இருந்து, தொண்டையைச் சுற்றிக் கறுப்பு மாலை போட்டது போல ஒரு கோடு இருந்தால் ப்ளூ ஜேதான். இறக்கையிலும் வாலிலும் கறுப்புப் பட்டைகளும் வெள்ளைத் திட்டுகளும் தெரியும்.
கொண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சண்டை, பதற்றம் என்றால் தூக்கும். நிம்மதியாகத் தின்னும்போது படிய வைத்துவிடும்.

தூரதேசி:
கறுப்புக் கோடு இருக்கிறது! ஆனால் இன்று ஒன்று மொட்டைத் தலையோடு வந்தது, காது ஓட்டைகூடத் தெரிகிறது. நோயா? அப்புறம், மரத்தில் பருந்து கத்துகிறது, பருந்தைத்தான் காணோம்.

கிளைவாசி:
கத்துவதும் உங்கள் ப்ளூ ஜேதான். காக்கைக் குடும்பமாயிற்றே! ரெட் ஷோல்டர்டு ஹாக் என்ற பருந்து கத்துவதை அச்சு அசலாகச் செய்யும். ஏன் என்பதில் ஆளுக்கொரு கருத்து.

சிறகன்:
கோடை முடிவில் இறகு உதிர்க்கும் காலம். சில ஜேக்களுக்குத் தலை இறகு மொத்தமாக ஒரே நேரத்தில் கொட்டிவிடும், சில வாரங்களில் முளைத்துவிடும். சுறுசுறுப்பாக இரை எடுத்தால் கவலை வேண்டாம்.

தூரதேசி:
நன்றி. கீழே விழுந்த வால் இறகு ஒன்றைப் பையன் எடுத்து வைத்திருக்கிறான்.

கிளைவாசி:
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழுப்பாகத் தெரியும். அதில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம். பார்த்துவிட்டு வெளியே போட்டுவிடுங்கள். வலசைப் பறவைகளுக்கான 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே உதிர்ந்த இறகைக்கூட அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது.