பீட் பாஸில்த்வெய்ட்டை ஹாலிவுட் வீணடித்ததா?

பழைய ரீல்:
நேற்று ராத்திரி 'தி லாஸ்ட் வேர்ல்ட்' (1997) மறுபடி பார்த்தேன். டைனோசர் வேட்டைக்கு வரும் ரோலண்ட் டெம்போவாக பிரிட்டிஷ் நடிகர் பீட் பாஸில்த்வெய்ட். இவர்தான் உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க் சொன்னதாக ஆளாளுக்கு எழுதுகிறார்கள். சரி, அப்படிப்பட்டவர் கையில் அவர் கொடுத்தது என்ன? ஒரு துப்பாக்கி. 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' (1993) படத்தில் டேனியல் டே லூயிஸுக்கு அப்பாவாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போன மனிதர் இவர். அதற்கப்புறம் ஹாலிவுட் இவரை ஊறுகாய் மாதிரி இலை ஓரத்திலேயே வைத்துவிட்டது. வீணடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கடைசி வரிசை:
ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் இறங்குமா சார்? அந்தப் பாராட்டை முதலில் கிண்டலடித்தவரே பீட்தான். 'பீட் தன்னைத்தானே உலகத்தின் சிறந்த நடிகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்' என்பதுதான் ஸ்பீல்பெர்க் உண்மையில் சொன்னது என்று சிரிப்பாராம். நீங்கள் குறை சொல்லும் அதே படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டி-ரெக்ஸைப் பிடித்தாயிற்று, கூட வந்த அஜய் செத்துப்போய்விட்டான். முதலாளி வேலை தருகிறேன் என்கிறார். சாவின் துணையோடு இருந்தது போதும் என்கிற மாதிரி ஒரே வரி சொல்லிவிட்டுப் போகிறார். கத்தவில்லை, அழவில்லை. அந்தப் படத்தில் டைனோசர் அல்லாமல் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த முகம் ஒன்றுதான்.

சுண்டல்:
'ஷார்ப்' டிவி தொடரில் அவர் செய்த ஒபதையா ஹேக்ஸ்வில்லை யாரும் சொல்லலையே! தூக்கில் போட்டும் சாகாத சார்ஜென்ட். கழுத்து வெட்டி இழுக்கும், தொப்பிக்குள் அம்மா படத்தை வைத்துக்கொண்டு அதோடு பேசுவான். அதைப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்கலை எனக்கு.

நெய்தல்:
நீங்கள் எல்லோரும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். வாரிங்டனில் 1946இல் பிறந்தவர். பாதிரியாராகும் எண்ணம் இருந்தது, பிறகு மான்செஸ்டரில் ஒரு கான்வென்ட்டில் நாடக ஆசிரியர். அதையும் விட்டுவிட்டு பிரிஸ்டலில் நடிப்புப் படித்து, லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கத்துக்குப் போனார். ஜூலி வால்டர்ஸ், பில் நைய், ஜொனாதன் பிரைஸ் எல்லாம் அங்கே கூட நடித்தவர்கள். சினிமா உலகம் சரியாகத் திரும்பிப் பார்த்தது 1988இல், டெரன்ஸ் டேவிஸின் 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' வந்தபோதுதான். அப்போது வயது நாற்பத்திரண்டு.

அதில் ஒரு கிறிஸ்துமஸ் காட்சி. அப்பாவாக வரும் பீட், தூங்குகிற குழந்தைகள் பக்கத்தில் சத்தம் போடாமல் வந்து பரிசு வைப்பார். அவ்வளவு பிரியம். அடுத்து சாப்பாட்டு மேஜை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே மேஜை விரிப்பை ஒரே இழுப்பு. தட்டு, கிண்ணம் எல்லாம் தரையில். மனைவியைப் பார்த்து, சுத்தம் பண்ணு என்று ஒரு கத்தல். ஏன் என்று படம் சொல்லாது, அவர் முகமும் சொல்லாது. காட்டுக்கத்தல் கத்துகிற அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த விரிப்பு போதும்.

பழைய ரீல்:
நெய்தல் அக்கா, நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்! அது பிரிட்டிஷ் படம். 'பிராஸ்ட் ஆஃப்' (1996), சுரங்கத் தொழிலாளர்களின் பாண்டு வாத்தியக் குழு நடத்துநர், நுரையீரலில் நிலக்கரித் தூசி, ஆல்பர்ட் ஹாலில் கோப்பை வேண்டாம் என்று சொல்லும் பேச்சு. அதுவும் பிரிட்டிஷ் படம். சும்பவம்பா இசைக்குழுவின் 'டப்தம்பிங்' பாட்டு ஆல்பத்தில் அந்தப் பேச்சோடுதான் ஆரம்பிக்கும். ஹாலிவுட் கொடுத்தது என்ன? 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' (1995) படத்தில் கோபயாஷி! ஜப்பான்காரப் பெயர், நம்ம ஊர்ப்பக்கத்து ஆங்கில உச்சரிப்பு, தோலில் கொஞ்சம் கறுப்பு. ஒரு வெள்ளைக்காரருக்கு எதற்கு இதெல்லாம்?

கடைசி வரிசை:
(படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.) ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதுதான் சார் விஷயமே. அந்தப் பெயர் காபிக் கோப்பையின் அடியில் இருந்து எடுத்தது. கோபயாஷி, கதை சொல்லும் ஒருவன் வாயால் கட்டிய ஆள். பெயர் ஒரு ஊர், குரல் ஒரு ஊர் என்று இருந்தால்தான் கடைசியில் 'அட!' என்று வரும்.

நெய்தல்:
குரல் சரி, கடைசி வரிசை. தோலுக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

இன்னொன்று. 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நிஜத்தில், பீட் நடித்த அந்த அப்பா ஜுசெப்பே கான்லனும் மகன் ஜெர்ரியும் ஒரே சிறை அறையில் இருந்ததே இல்லை. 1974 கில்ட்ஃபர்ட் குண்டுவெடிப்பை ஒட்டிப் போட்ட பொய் வழக்குகள். அப்பா 1980இல் கைதியாகவே செத்துப்போனார், மகன் 1989இல்தான் வெளியே வந்தார். ஒரே அறை என்பது படத்துக்காகச் செய்தது. அந்தப் பொய்யை நம்மை நம்பவைத்தது பீட்தான். அந்த அறைக்குள் அவர் இருமுவதும் ஜெபிப்பதும் மகனைச் சகித்துக்கொள்வதும் நடிப்பாகவே தெரியாது.

சுண்டல்:
கதாநாயகன் வேடம் கொடுக்கவே இல்லையா அவருக்கு?

கடைசி வரிசை:
2009இல் 'தி ஏஜ் ஆஃப் ஸ்டுபிட்'. வருஷம் 2055, உலகம் அழிந்துவிட்டது, ஆவணக் காப்பகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். இதைவிடப் பெரிய தனிக்கதாநாயகன் உண்டா? அந்தப் பட வெளியீட்டில் அப்போதைய பிரிட்டிஷ் எரிசக்தி அமைச்சர் எட் மிலிபாண்டிடமே, கிங்ஸ்நார்த் நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால் அரசு தந்த ஓபிஈ பட்டத்தைத் திருப்பித் தருவேன் என்றார். பெரிய வேடம் கிடைக்கவில்லை என்று மூலையில் உட்கார்ந்த ஆள் மாதிரியா தெரிகிறது?

பழைய ரீல்:
அவர் அழுதார் என்று நான் சொல்லவே இல்லை. அழுவது நான். 2010இல் 'இன்செப்ஷன்' வந்தது, சாகக் கிடக்கும் அப்பா, சில நிமிஷம். 2011 ஜனவரி 2, புற்றுநோய், 64 வயது. 'தி டவுன்' படத்துக்கு பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) பரிந்துரை வந்தபோது ஆளே இல்லை.

நெய்தல்:
2008இல் லிவர்பூல் எவ்ரிமேனுக்கே திரும்பிப் போய் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நடித்தார். யாரும் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தவில்லை, நடுமேடை. பிறகு அது லண்டன் யங் விக் அரங்கம் வரை போனது. உங்கள் கணக்கில் அதைச் சேர்த்தீர்களா?

பழைய ரீல்:
சேர்க்கவில்லை. எவ்ரிமேனில் அதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சரி, ஸ்பீல்பெர்க்கை விட்டுவிடுகிறேன். கோபயாஷியை மட்டும் விடமாட்டேன்.