ஸ்டாம்ப் பூவுக்கு வண்ணம் கொடுத்தால் கோடு கரைகிறது

மைக்கறை:
கூட வேலை பார்க்கும் தோழி ஓய்வு பெறுகிறாள். அவளுக்குக் கையாலேயே ஒரு கார்டு செய்து கொடுக்க ஆசை. ஐந்து இதழ் பூவும் இரண்டு இலையும் உள்ள ரப்பர் ஸ்டாம்ப். கருப்பு மையில் அச்சு அழகாகத்தான் விழுகிறது. வாட்டர்கலர் பிரஷ் பட்டதும் கோடு கரைந்து, மஞ்சள் பூ பாசிப் பச்சையாகிவிடுகிறது. அரை மணி நேரம் காயவிட்டும் அதே கதை. இதுவரை ஒன்பது பூ குப்பைக்குப் போயாயிற்று. தப்பிய ஒன்றிரண்டும் குழந்தைகளின் கலரிங் புத்தகம் மாதிரி தட்டையாக இருக்கின்றன. தப்பு மையிலா, தாளிலா, என் கையிலா?

தாள்பித்து:
கையை விடுங்கள், மைதான். காய்ந்த பிறகும் கரைகிறது என்றால் அது டை இங்க்காக, அதாவது சாய மையாக இருக்கும். தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். வாட்டர்கலருக்கு, காய்ந்தால் நீரில் கரையாத மை என்று போட்டிருப்பதைப் பாருங்கள். தாளும் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். அதிலும் ஹாட் பிரஸ் எனப்படும் வழவழப்பான தாள் நல்லது. சொரசொரப்பான தாளில் ஸ்டாம்ப் கோடு விட்டு விட்டு விழும்.

பழைய பிரஷ்:
மேலே சொன்னது சரி. ஆனால் நான் மையை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன், கோட்டை மேடாக்கும் எம்பாசிங்தான். சீக்கிரம் காயாத பிக்மென்ட் மையில் பதித்து, ஈரம் இருக்கும்போதே எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்று வீசும் ஹீட் கன்னைக் காட்டுங்கள். மணல் மாதிரி கிடந்த பவுடர் ஒரு ஓரத்திலிருந்து பளபளவென்று உருகிக்கொண்டே போகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஹேர் டிரையர் வேண்டாம், பவுடர் பறந்துவிடும். உருகி மேடான கோடு வரப்பு மாதிரி நிற்கும், தண்ணீர் அதை எளிதில் தாண்டாது.

இனி தட்டை விவகாரம். ஓர் இதழை மட்டும் வெறும் தண்ணீரால் நனையுங்கள். குளம் கட்டக் கூடாது, சாய்த்துப் பார்த்தால் மினுங்கினால் போதும். பிரஷ் நுனியில் அடர்ந்த நிறத்தை எடுத்து, பூவின் நடுவை ஒட்டி ஒரே ஒரு பொட்டு. அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். நிறம் தானே வெளியே ஊர்ந்து, விளிம்புக்குப் போவதற்குள் வெளிறிவிடும். நடுவில் புகுந்து தேய்த்தால்தான் கெடும்.

பக்கத்து இதழை உடனே தொடாதீர்கள், ஈரமும் ஈரமும் கலந்துவிடும். ஒன்றும் மூன்றும் முதலில். அவை காய்ந்ததும் இரண்டும் நான்கும். ஐந்தாவது இதழ் முதலாவதுக்கும் பக்கத்து வீடு என்பதால் கடைசியில் தனியாக. நிழலுக்குக் கருப்பு வேண்டவே வேண்டாம், மஞ்சளோடு சேர்ந்தால் மறுபடி அந்தப் பாசிப் பச்சைதான். ஆரஞ்சோ செம்பழுப்போ போடுங்கள். ஓர் இதழ் இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில், அடியில் இருப்பதற்குத்தான் நிழல்.

மூன்று ஷேடு:
இவ்வளவு தண்ணீர்ப் பாடு எதற்கு? நான் ஆல்கஹால் மார்க்கர் கட்சி. மைக்கறை, அந்த ஸ்டாம்ப் பேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மார்க்கருக்குப் பெரும்பாலும் அந்த மாதிரி டை இங்க்தான் ஒத்துப்போகும். ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஆல்கஹால் பட்டால் கலங்கும். வெளிர், நடுத்தரம், அடர் என்று ஒரே நிறத்தில் மூன்று மார்க்கர் போதும். நிறம் தானே பரவும் என்பதால் கோட்டுக்கு மயிரிழை முன்னாலேயே நிறுத்துங்கள். தாளின் பின்பக்கம் ஊறும், ஆகவே தனித் தாளில் தீட்டி, வெட்டி, கார்டில் ஒட்டுங்கள்.

மைக்கறை:
மார்க்கர் கையில் இல்லை, அதனால் எம்பாசிங் செய்து பார்த்தேன். முதல் தடவை பூவைச் சுற்றி வெள்ளைத் தாளெல்லாம் பவுடர் புள்ளி. இதற்கு என்ன வழி?

பழைய பிரஷ்:
பதிப்பதற்கு முன் தாளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். அப்புறம் ஒட்டாது.

மைக்கறை:
ஒட்டவில்லை! நான்கு இதழ் நீங்கள் சொன்னபடியே வந்தது. ஐந்தாவதுக்குப் பொறுமை இல்லாமல் நான்காவது காய்வதற்குள் பிரஷ்ஷை வைத்துவிட்டேன், நடுவில் இரண்டும் கலந்துவிட்டன. ஓர் இலையைத் தனியாகப் பதித்து வெட்டி, அந்த இடத்தின் மேல் ஒட்டிவிட்டேன். கார்டு நாளை அவள் கைக்குப் போகிறது.